அந்தப் பக்கம் தெரியுதா?

என் துணைவியும் நானும் சேர்ந்து திரட்டிய மலைச்சரிவுச் சொற்களின் தொகுப்பு அச்சுக்குச் செல்லவிருக்கிறது. அதன் முன்னுரையில் நன்றிக்குரியோர் பலரைக் குறித்துள்ளேன். ஒருவரை மட்டும் குறிக்கவில்லை. குறிக்கக் கூடாதென்று அவரே தடுத்துவிட்டார்.

"எம்பேர அச்சுல போட்டீகன்னா போடியில இருக்கிற அத்தன வீட்டுக்காரவுகளும் கம்ப்யூட்டர் கம்பியத் தூக்கிக்கிட்டு என் வாசல்ல வந்து நிப்பாக, வாத்தியாரய்யா. அப்பறம் ஒங்க வீட்டுக்கு யாரு வருவா?" என்று கேட்டார்.

வாக்குக் கொடுத்துவிட்டேன், ஆகவே இங்கும் பெயர் வராது. ஆனால் அவர் இல்லாதிருந்தால் அத்தொகுப்பு என் மாடியறைக்கும் துணைவியின் கூடத்துக்கும் இடையில் எங்கேனும் தொலைந்திருக்கும். பெயர் இல்லாமலேனும் ஆள் பதிவாக வேண்டும் என்பதற்காக இதனை எழுதுகிறேன். வேறொரு காரணமும் உண்டு. அது போகப் போக விளங்கும்.

எங்கள் வீட்டில் இரண்டு கணினிகள். மாடியில் இருப்பது என்னுடையது. கட்டற்ற இயங்குதளமாகிய லினக்சை அதில் நிறுவிக்கொண்டேன். 'கோப்பு', 'திருத்து', 'காண்க' என்று திரை முழுதும் தமிழாக நிற்பதைக் காண்பதில் ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்கு உள்ள இன்பத்தை நான் விளக்க வேண்டியதில்லை. கீழே கூடத்தில் இருப்பது துணைவியுடையது. மகன் வாங்கிக் கொடுத்தது. விண்டோசு இயங்குதளத்தோடு வந்தது. முழங்கால் அறுவைக்குப் பின்னர்த் துணைவியால் படியேற இயலவில்லை. என் நூல்களையோ கீழே இறக்க இயலாது. குரங்கணியில் பிறந்து ஏலத்தோட்டங்களுக்குள் ஓடியாடி வளர்ந்த அவர், தமக்குத் தெரிந்த மலைச்சொற்களைக் கீழே தட்டெழுதுவார். நான் மேலே அவற்றை அகரவரிசைப்படுத்திப் பொருள் எழுதுவேன். இவ்வேலை நடக்க வேண்டுமானால் இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று அறிய வேண்டும். அவை அறியவில்லை. வந்து பார்த்த ஒருவர் லினக்சை அழித்துவிடச் சொன்னார். மற்றொருவர் கீழுள்ள கணினியை மாற்றச் சொன்னார்.

மூன்றாவதாக வந்தவர்தான் அந்த அம்மையார்.

ஏலக்காய் வணிகர் ஒருவரின் கடையில் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். நாற்பதைக் கடந்தவர். போடிமெட்டுக்கு அப்பால், இடுக்கி மலைத் தோட்டமொன்றில் பிறந்து, மணமாகிக் கீழே இறங்கியவர். பின்பு கணவரை இழந்தவர். பேச்சு போடிப் பேச்சுதான். ஆயினும் ஒரு வேலை முடிந்தால் 'போதும்' என்று சொல்ல அவர் நாக்குக்கு வராது. 'மதி' என்பார். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவரோடு இறங்கிவந்த சொல் அது.

முதல் நாள் உள்ளே நுழைந்ததும் அவர் கணினியைத் தொடவில்லை. என்னைப் பார்த்து, "கடைசியா எப்பப் பேசிக்கிருச்சுக?" என்றார்.

"எவை?"

"ரெண்டு மிஷினுந்தேன்."

"பேசியதே இல்லை அம்மா."

"அப்பச் சண்டையில்ல. இன்னும் அறிமுகமே ஆகல. இது லேசு."

கீழுள்ள கணினியின் மேல்தான் குற்றம் என்று நான் விளக்கத் தொடங்கினேன். மாடியிலுள்ளதுதான் யாருடனும் ஒட்டாதது என்று துணைவி குறுக்கிட்டார். அம்மையார் இருவரையும் கையமர்த்தினார். "ஒண்ணையும் கொற சொல்லாதீக. ரெண்டும் வேற வேற வீட்டுல வளந்த பிள்ளைக. அது அது பழக்கத்துக்கு இருக்கு."

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு கணினியின் முன்னும் அந்தந்த வீட்டார் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். அமைப்புகளைத் தாமே மாற்றுவார். மாற்றியபின் சோதிக்கும்போது விலகி நின்றுகொள்வார். ஒரு கணினியின் முன்னிருப்பவர் மற்றதன் முன்னிருப்பவரைத் தம் வாயாலேயே கூவிக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் அவர் நின்ற இடம் படிக்கட்டின் நடு. அங்கிருந்து என்னை நோக்கி, "அந்தப் பக்கம் தெரியுதான்னு கேளுங்கய்யா" என்றார்.

"நீங்களே கேட்டுவிடலாமே?"

"நாங் கேட்டா எனக்குத்தேன் தெரியும். புழங்கப் போறது நீங்க ரெண்டு பேருமுல்ல?"

துணைவியின் கணினியை அவர் ஆராய்ந்தபோது சிரித்துவிட்டார். "அக்கா, ஒங்க மிஷினு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறதா நெனச்சுக்கிருக்கு. தெரியாத கூட்டத்துல பையத் தொறந்து வப்பமா? அதேன் எல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சிருக்கு. வீட்டுலதேன் இருக்கோம்னு சொல்லிருவோம்." பொதுவிடத்துப் பிணையம் என்று பதிவாகியிருந்ததை வீட்டுப் பிணையம் என்று மாற்றினார். நெட்வொர்க் என்பதைத்தான் பிணையம் என்கிறேன். உடனே மாடித் திரையில் துணைவியின் கோப்புறை தோன்றியது. அவர் தட்டெழுதிய சொற்கள் அனைத்தும் என் முன் விரிந்தன. எனக்கு மகிழ்ச்சி தாளவில்லை.

"வந்துவிட்டது, போதும்!" என்று கூவினேன்.

"ஒங்களுக்கு வந்துருச்சு. அக்காவுக்கு?"

"அவங்க எழுதுவதை நான் எடுத்துக்கொள்வேன். என்னுடையது அவங்களுக்கு எதற்கு?"

கீழிருந்து துணைவியின் குரல் வந்தது. "கேட்டுச்சு, கேட்டுச்சு. நாங் குடுக்கணும், அவரு வாங்கிக்கிருவாரு. இது என்ன இன்னைக்கு நேத்தா நடக்குது?"

அம்மையார் படியேறி வந்தார். "ஒரு பக்கம் மட்டும் தெரியிறதுக்குப் பேரு இணைப்பு இல்லங்கய்யா. எட்டிப் பாக்குறது" என்று சொல்லி என் கணினியின் முன் அமர்ந்தார். துணைவி உள்ளே வர முயலும்போதெல்லாம் அது பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு மறுத்துக்கொண்டிருந்தது. காரணத்தை அவர் விரைவில் கண்டார். "ஒங்க பேர மட்டுந்தேன் இதுக்குச் சொல்லி வச்சிருக்கீக. அக்கா பேரு இதுக்குத் தெரியாது."

கீழே வீடதிரச் சிரிப்பு.

"ஏ தாயி, என்ன சொன்ன? இத்தன வருசம் இவருகூடக் குடும்பம் நடத்தியிருக்கேன், இவரு பொட்டிக்கு எம்பேரு தெரியலயாமா? இதையும் அந்தத் தொகுப்புல போடச் சொல்லு!"

அம்மையார் பெயரைச் சேர்த்தார். கடவுச்சொல்லைத் துணைவியே தேர்ந்துகொள்ள வேண்டும் என்றார். அது கீழிருந்து கூவப்பட்டபோது என்னைக் காதைப் பொத்திக்கொள்ளப் பணித்தார். இன்றுவரை எனக்கு அது தெரியாது.

"அய்யா, தெரியுதா?"

"தெரிகிறது."

"அக்கா, அந்தப் பக்கம் தெரியுதா?"

"தெரியுது தாயி. வாத்தியாரு எழுதி வச்சிருக்கிற அம்புட்டும் தெரியுது."

"அப்ப மதி."

மறுநாள் காலையில் நான் கணினியைத் திறந்தபோது, 'லோடு' என்னும் சொல்லுக்குச் 'சுமை' என்று நான் எழுதியிருந்ததன் கீழே துணைவி தம் கைவரிசையைக் காட்டியிருந்தார்: 'சுமைன்னா தலையில. லோடுன்னா ஜீப்புல.' என் தனித்தமிழ்ப் பற்றுக்கு அது உவப்பாக இல்லை; மறுக்கவும் வழியில்லை. இரண்டும் தொகுப்பில் நிற்கின்றன.

அம்மையாரின் இந்தக் கூவிக் கேட்கும் வழக்கத்தைச் சிலமலை என்னும் ஊரில் ஒருமுறை நேரிற் கண்டேன். துணைவியின் உறவினர்களாகிய அண்ணன் தம்பி இருவர், ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு வாழ்பவர்கள். பேச்சு நின்று பல்லாண்டுகள் ஆகியிருந்தன. தோட்டத்து நிலத்துக்கான பத்திரப் படிகள் மூத்தவரின் மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 'மாக்' வகைக் கணினியில் இருந்தன. இளையவரின் விண்டோசு கணினிக்கும் அவை தேவைப்பட்டன. வந்த இணைய வடம் ஒன்றே. ஆனால் ஒருவர் கருவியை மற்றவர் தொடக் கூடாது என்பதற்காக, அவரவர் பக்கத்தில் தனித்தனித் திசைவி வைத்திருந்தார்கள். ஊரார் ரவுட்டர் என்பது அதைத்தான். ஒன்றன் பின்னால் மற்றொன்று. ஆகவே இரண்டு கணினிகளும் வெவ்வேறு தெருக்களில் குடியிருப்பனபோல் ஒன்றையொன்று காணாமல் கிடந்தன.

இளையவரின் திசைவியை, கணினிகளுக்கு முகவரி எண் பங்கிடும் வேலையை விட்டுவிட்டு வெறும் வழியாக மட்டும் இருக்கும்படி அம்மையார் மாற்றினார். பிறகு நடுச்சுவரின் அருகே போய் நின்றார்.

மூத்தவர் தம் மனைவியிடம், "அவுககிட்டத் தெரியுதான்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

"நடுவுல ஆளு வேணாம்ண்ணே. நேராக் கேளுங்க" என்றார் அம்மையார்.

"நான் அவங்கூடப் பேசுறதில்ல."

"பேச வேணாம். கேட்டா மதி."

மூத்தவர் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு சுவரைப் பார்த்து, "தெரியுதா?" என்றார்.

"தெரியல" என்றது அந்தப் பக்கம்.

அம்மையார் ஏதோ மாற்றினார்.

"இப்ப?"

"இல்ல."

"டேய், நல்லாப் பாருடா. இப்ப?"

"தெரியுதுண்ணே."

திரும்பும் பேருந்தில் நான் உணர்ச்சிவயப்பட்டு, ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்துவிட்டீர்கள் என்று பாராட்டினேன். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நாளைக்கு மறுபடி பேசாமத்தேன் இருப்பாக. என்னையக் கூப்புட்ட சோலி அது இல்ல. பத்திரம் போய்ச் சேந்துச்சா, அம்புட்டுத்தேன்" என்றார். அவ்வாறே ஆயிற்று. அவ்வீட்டில் இன்றும் பேச்சில்லை. கோப்புகள் மட்டும் போய்வருகின்றன.

மனிதர்களைத் திருத்தும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அவரால் பொறுக்க இயலாது: அனுப்பப்பட்டது சேர்ந்ததா என்பது தெரியாமல் இருத்தல். எங்கள் மகன் அனுப்பும் பேரக் குழந்தைகளின் படங்களைத் துணைவி ஆசையோடு பார்ப்பார். பதில் அனுப்ப மாட்டார். "பாத்துட்டேன்ல, அது போதாதா?" என்பார். அம்மையார் அதற்கு விடமாட்டார். "பாத்தது ஒங்களுக்குத் தெரியும். அனுப்புன பிள்ளைக்கு எப்பிடிக்கா தெரியும்? வந்துச்சுன்னு ஒரு வார்த்த தட்டுங்க வெரசா." துணைவி தட்டும்வரை அருகிலேயே நிற்பார். அவரைத் தொலைபேசியில் யார் அழைத்து, அவரால் எடுக்க முடியாமற்போனாலும், இருட்டுவதற்குள் திரும்ப அழைத்துவிடுவார். அதில் தவறியதே இல்லை.

தென்மேற்குக் காற்று மலையிறங்கும் மாதங்களில் போடியில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். மின்சாரம் மீளும்போதெல்லாம் எங்கள் திசைவி கணினிகளுக்குப் புதிதாக எண்களைப் பங்கிடும். என் கணினியின் எண் மாறிவிடும். பழைய எண்ணைத் தேடிச் செல்லும் துணைவியின் கணினி, குடிமாறிப் போனவர் வீட்டுக் கதவைத் தட்டியதுபோல் வெறுமனே திரும்பும். உடனே அம்மையாரை அழைப்போம். கடை முடிந்து மாலையில் வருவார். வேலை சிறிது நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் வரும் காப்பிதான் நீளும்.

அந்தக் காப்பி நேரத்தில்தான் எங்கள் தொகுப்பு வளர்ந்தது. மலைக்கு இந்தப் பக்கத்தில் வளர்ந்தவரும் அந்தப் பக்கத்தில் வளர்ந்தவரும் எதிரெதிரே அமர்ந்து, அட்டைக்கடிக்கு எதைத் தேய்ப்பது, மூடுபனியில் பாதையை எப்படிக் கண்டுகொள்வது, ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் ஜீப்பில் எவ்வளவு நெருக்கி அமர்வார்கள் என்று பேசப் பேச, நான் எந்த நூலிலும் கண்டிராத சொற்கள் வந்து விழும். படிக்கட்டில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். "வாத்தியாரு ஒட்டுக் கேக்குறாரு" என்பார் துணைவி. "கேக்கட்டும்க்கா, திரும்பச் சொல்லுவாருல்ல" என்பார் அவர்.

பின்னர் ஒருநாள், மலையில் அவருடைய தங்கை தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து படுக்கையில் ஆனார். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. அம்மையார் கடை வேலையை விட்டுவிட்டுப் புறப்பட்டார். தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப்பு கிளம்புமுன், காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். துணைவியின் கணினி வழியே திசைவியின் அமைப்புக்குள் சென்று ஏதோ செய்தார்.

"இனிமே கரண்டு போனாலும் நம்பரு மாறாது. அய்யா மிஷினுக்கு இந்த நம்பருதேன்னு நெலையா எழுதி வச்சிட்டேன்."

துணைவி வியந்தார். "இப்பிடி ஒரு வழி இருக்கா? இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல தாயி?"

"செஞ்சிருக்கலாம்."

சிறிது நேரம் விசைப்பலகையின் தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"செஞ்சிருந்தா என்னைய எதுக்குக்கா கூப்புடப் போறீக?"

தெருமுனையில் ஜீப்பு ஒலியெழுப்பியது. "ஊதுறான். வர்றேங்க்கா. வர்றேன்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது பலித்தது. காற்றடித்தது, மின்சாரம் போயிற்று, வந்தது, எண் மாறவில்லை. மாடிக்கும் கூடத்துக்கும் இடையில் கோப்புகள் தடையின்றிப் போய்வந்தன. வீட்டில் கூவும் தேவை எவருக்கும் நேரவில்லை. துணைவி தட்டெழுதும் சொற்கள் குறைந்துகொண்டே வந்தன. நினைவுக்கு வரவில்லை என்றார். தனியே உட்கார்ந்தால் எப்படி வரும் என்று ஒருமுறை கடிந்துகொண்டார். வழக்கமாக நாங்கள் அம்மையாரை அழைக்கும் பருவம் முழுதும், அழைக்கக் காரணமின்றிக் கழிந்தது. நலம் கேட்பதற்காகவே அழைத்திருக்கலாம் என்று நீங்கள் எண்ணக்கூடும். நானும் அதையே சொன்னேன். "வேலையா இருக்கிறவள சும்மாக் கூப்புட்டு என்ன சொல்ல?" என்றார் துணைவி.

ஒரு பிற்பகலில் மாடித் திரையிலிருந்து துணைவியின் கோப்புறை மறைந்தது. எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

"இந்தப் பக்கம் தெரியவில்லை!" என்று கூவினேன்.

"இந்தப் பக்கமும் தெரியல!" என்று பதில் வந்தது. அக்குரலில் வருத்தத்தின் சாயல்கூட இல்லை.

அம்மையார் தங்கியிருந்த தோட்டத்தில், பாதை வளையும் ஒரு பாறையருகே சென்றால்தான் அலைவரிசை கிட்டும். எங்கள் அழைப்பு சேரவில்லை. ஆனால் பொழுது சாயுமுன் திரும்ப அழைத்தார். இருவரும் கேட்கும்படி ஒலிபெருக்கியைத் திறந்து வைத்தார் துணைவி.

"என்னக்கா?"

"அத்துப்போச்சு தாயி. ரெண்டு பக்கமும் தெரியல. நீ வந்தாத்தேன் ஆகும்."

"கரண்டு போச்சா?"

"இல்ல."

"ரவுட்டர்ல லைட்டு எரியுதா?"

"எரியுது."

"எல்லாமா?"

துணைவி என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல, "ஒண்ணு எரியல" என்றார்.

"அக்கா."

"சொல்லு."

"கம்பிய நீங்களே உருவுனீகளா?"

"காலு கீலு பட்டிருக்கும் தாயி."

"ரவுட்டரு செவுத்துப் பலகையிலல்ல இருக்கு? படியே ஏறாத காலு அம்புட்டு ஒசரத்துக்கு எப்பிடிக்கா ஏறுச்சு?"

நான் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். சுவர்ப் பலகையிலிருந்து என் மாடிக்கு வரும் வடம் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே துணைவியின் கைத்தடி சாய்ந்திருந்தது. தொலைபேசியின் அந்தப் பக்கத்தில், காற்றிரைச்சலுக்கு நடுவே, அவர் சிரிக்கும் ஒலி கேட்டது. துணைவியும் சிரித்தார். இருவரும் சிரித்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

"காய் எடுப்பு முடியட்டும்க்கா, வர்றேன். கம்பிய மாட்டிறாதீக. நான் வந்து மாட்டுறேன்."

"மாட்டல தாயி."

"அய்யா, கேட்டுச்சா? நீங்களும் மாட்டிறாதீக."

"மாட்ட மாட்டேன்" என்று நானும் சொன்னேன்.

காய் எடுப்பு முடிந்தது. அவர் வரவில்லை. அழைத்தால் தொடர்பெல்லைக்கு அப்பால் என்றே வருகிறது; திரும்ப அழைப்பும் இல்லை. அழைத்தவரைத் திரும்ப அழைக்காமல் அவர் இருந்ததில்லை என்பதே எங்கள் கவலை. மெட்டுக்குச் செல்லும் ஜீப்பு ஓட்டுநர்களிடம் சொல்லி அனுப்பினோம். தங்கையின் குடும்பம் உட்பகுதித் தோட்டமொன்றுக்கு மாறிவிட்டது என்றார் ஒருவர். தங்கை நடக்கத் தொடங்கிவிட்டார், அனைவரும் மலையின் அந்தப் பக்கம் கீழே இறங்கிவிட்டனர் என்றார் வேறொருவர். எது மெய் என்று அறியோம். சொல்லியனுப்பியது சேர்ந்ததா என்றும் அறியோம்.

தொகுப்பின் இறுதிப் படியை நான் விரலளவுச் சேமிப்பானில் எடுத்துக்கொண்டு படியிறங்குகிறேன். துணைவி திருத்தியதை எடுத்துக்கொண்டு படியேறுகிறேன். ஒரு வடத்தைச் செருகினால் தீரும் வேலை. ஒருமுறை மூச்சிரைத்து நின்றபோது கை பலகையை நோக்கி உயர்ந்தது. "அவ வந்து மாட்டுறேன்னு சொல்லியிருக்கா" என்றார் துணைவி. கையை இறக்கிக்கொண்டேன்.

இதனை அச்சிடக் கொடுப்பதன் மற்றக் காரணம் இப்போது விளங்கியிருக்கும். ஓட்டுநர் வழியாகவும் தொலைபேசி வழியாகவும் சேராதது, ஒருவேளை தாளில் ஏறி மலையேறலாம். நினைவை நம்பி எழுதியமையால் இதில் பிழைகள் இருத்தல் கூடும். துணைவியின் கணினி பஸ் ஸ்டாண்டில் நிற்பதாக அவர் சொன்னாரா, சந்தையில் நிற்பதாகச் சொன்னாரா என்பதில் எனக்கும் துணைவிக்கும் இன்னும் உடன்பாடில்லை. சிலமலையில் அன்று மாற்றப்பட்டது இளையவரின் திசைவிதானா என்பதிலும் எனக்கு ஐயமுண்டு. அறிந்தவர்கள் அன்புகூர்ந்து திருத்துக. எல்லாவற்றையும் அறிந்தவர் ஒருவர்தான். அவர் ஒரே ஒரு சொல்லைத் திருத்தி அனுப்பினாலும் போதும். இது சேர்ந்தது என்று தெரிந்துகொள்வோம். வடத்தை நாங்கள் மாட்டவில்லை என்பதை மட்டும் எவரும் திருத்த வேண்டியதில்லை. சற்று முன்னர்தான் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன்.